50 சதவீத வரி: ஆம்பூரைக் கேட்டுத்தான் முடிவெடுத்தாங்களா?

ஆம்பூர்_அப்பர் (திரியைத் தொடங்கியவர், 2025 செப்டம்பர்)

நம்ம பக்கத்து ஆளுங்க கொஞ்சம் வந்து பேசுங்க. "இந்தியா இப்ப வல்லரசு, எவனுக்கும் தலை குனியாது"ன்னு எல்லாத் திரியிலயும் போட்டுக்கிட்டே இருக்கீங்க. சந்தோஷம். நான் ஒரு ஷூ கம்பெனியில, ஷூவோட மேல் பாகம் தைக்கற அப்பர் லைன்ல சூப்பர்வைசர். தலை குனியாத ஆகஸ்ட் மாசம் ஆம்பூர்ல எப்படிப் போச்சுன்னு சொல்றேன்.

2025 ஆகஸ்ட் 7ல இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 25 சதவீதம் வரி போட்டுச்சு. ரஷ்யா எண்ணெய் வாங்கறதுக்குத் தண்டனைன்னு இன்னொரு 25, ஆகஸ்ட் 27லருந்து. 27க்கு முன்னாடி கப்பல் ஏறின சரக்குக்கு ரெண்டாவது 25 கிடையாதுன்னு ஒரு சலுகை கொடுத்தாங்க. அவ்வளவுதான், தோல் ஓரம் சீவற ஸ்கைவிங், ஸ்டிச்சிங், பேக்கிங் எல்லாம் நைட் ஷிப்ட். ஞாயித்துக்கிழமையும் வேன் ஓடுச்சு. கடைசி கன்டெய்னர் சென்னை ஹார்பருக்குப் போனதும் லைன் நின்னுபோச்சு. பேரணாம்பட்டு பக்கம் ரெண்டு டிரிப் போன வேன் இப்ப ஒரு டிரிப்தான் போகுது. அந்த ரெண்டாவது டிரிப்புல வந்துக்கிட்டு இருந்த பொண்ணுங்ககிட்ட "அப்புறம் கூப்பிடறோம்"னு சொல்லச் சொன்னாங்க. சொன்னது நான்தான்.

கணக்கு ஒண்ணும் பெரிய கணக்கு இல்ல. 20 டாலர் ஷூவுக்கு நமக்குக் கூடுதல் வரி 10 டாலர். வியட்நாம்காரனுக்கு 20 சதவீதம், அதாவது 4 டாலர். வித்தியாசம் 6 டாலர்ல பாதியை நீங்க ஏத்துக்குங்கன்னு சரக்கு வாங்கற பையர் மெயில் போடறான். ஜோடிக்கு 3 டாலர் விட்டுக்கொடுத்தா அப்புறம் எதுக்குக் கம்பெனியைத் திறக்கணும்? இதே தமிழ்நாட்டுல, ஸ்ரீபெரும்புதூர்ல செய்யற ஐபோனுக்கு இந்த வரி இல்ல. மாத்திரை மருந்துக்கும் இல்ல. தோலுக்கு உண்டு, துணிக்கு உண்டு, இறாலுக்கு உண்டு.

ரஷ்யா எண்ணெய் வாங்கறது சரியாவே இருக்கட்டும், நான் அதுக்கு வரல. அதோட விலையை யார் கட்டப்போறாங்கன்னு யாராச்சும் முன்னாடியே உட்கார்ந்து பேசினாங்களா? வளர்ற நாடு வெளிநாட்டு விஷயத்துல ஜனங்களைக் கேட்டு நடக்கணுமா, இல்ல மேல முடிவு பண்ணிட்டு நம்மள ஜே போடச் சொன்னா போதுமா?

கம்மவான்பேட்டை_ஹவில்தார்

தம்பி, கஷ்டம் புரியுது. என் அண்ணன் பொண்ணும் ராணிப்பேட்டையில ஷூ கம்பெனிக்குத்தான் போகுது. ஆனா கேள்வியே தப்பு. வெளியுறவுன்றது கிராம சபை கிடையாது, கையைத் தூக்கி முடிவு பண்ண.

1998 மே மாசம் பொக்ரான்ல அணுகுண்டு வெடிச்சப்போ, மந்திரிங்களிலேயே பாதிப் பேருக்குக் கடைசி நேரத்துலதான் விஷயம் தெரியும். முன்னாடியே பார்லிமென்ட்ல வெச்சுப் பேசியிருந்தா அமெரிக்கா சாட்டிலைட்டைத் திருப்பி வெச்சுத் தடுத்திருப்பான். அப்பவும் தடை போட்டாங்க, அப்பவும் யார் யாரோ கஷ்டப்பட்டாங்க. ஏழே வருஷத்துல, 2005ல, அதே அமெரிக்கா வந்து அணு ஒப்பந்தம் போடலாமான்னு கேட்டுச்சு. நின்னோம், அதனால வந்தான்.

சர்வீஸ்ல நான் தொட்ட சாமான்ல பாதிக்கு மேல ரஷ்யா சாமான். டி-72 டாங்குக்கு ஸ்பேர் வாஷிங்டன்லருந்து வராது. இன்னிக்கு எண்ணெய் வாங்காதேம்பான், சரின்னா நாளைக்கு ஸ்பேர் வாங்காதேம்பான். எங்க ஊர்ல வீட்டுக்கு ஒருத்தன் பட்டாளத்துல இருக்கான். யாருகூட சண்டை, யாருகூட சமாதானம்னு எங்களை யாரும் கேட்டதில்ல. நாங்க கேக்கவும் இல்ல.

காட்பாடி_ஜங்ஷன்

ஆம்பூர் அண்ணா, உங்க வேலையைப் பறிச்சதே ஜனநாயகம்தான். கோபப்படாம கேளுங்க.

2025 ஏப்ரல் 2ஆம் தேதி டிரம்ப் வியட்நாமுக்குப் போட்டது 46 சதவீதம். நமக்குப் போட்டதைவிட அப்ப அதுதான் ஜாஸ்தி. ரெண்டே நாள்ல அங்க கட்சித் தலைவர் தோ லாம் போனைப் போட்டுப் பேசினார், உங்க சரக்குக்கு வரியே இல்லாம செய்யறோம்னார். ஜூலை 2ல 20 சதவீதத்துக்கு டீல் முடிஞ்சுது. அங்க ஒரே கட்சி. எதிர்க்கட்சி கிடையாது, விவசாய சங்கம் ரோட்டுல உட்காராது.

நாம ஏன் முடிக்கல? பால், சோளம், சோயா. அதைத் திறந்துவிடச் சொல்லி அவன் கேட்டான், நம்மால முடியல. ஆகஸ்ட் 7ல டெல்லியில எம்.எஸ்.சுவாமிநாதன் நூற்றாண்டு மாநாட்டுல பிரதமர் பேசினதைப் பாருங்க. விவசாயி, மீனவர், பால் உற்பத்தியாளர் நலன்ல சமரசமே கிடையாது, அதுக்கு எவ்வளவு பெரிய விலை கொடுக்கவும் தயார்னார். மாடு வெச்சிருக்கற குடும்பம் நாட்டுல எத்தனை கோடி, ஷூ தைக்கற குடும்பம் எத்தனை? ஓட்டு எண்ணிக்கையில நீங்க தோத்துட்டீங்க. ஜனங்களைக் கேட்டுத்தான் முடிவெடுத்தாங்க. கேட்ட ஜனம் நீங்க இல்ல, அவ்வளவுதான்.

ஓட்டு மேல ரொம்ப நம்பிக்கை வைக்காதீங்க. 2019ல நம்ம வேலூர் தொகுதிக்கு மட்டும் பணப் பட்டுவாடான்னு தேர்தலையே ரத்து பண்ணாங்க. திரும்ப நடத்தின தேதி ஞாபகம் இருக்கா? ஆகஸ்ட் 5. நாம வரிசையில நின்ன அன்னிக்குத்தான் டெல்லியில காஷ்மீருக்குத் தனி அந்தஸ்து கொடுத்த 370ஐ எடுத்தாங்க. நம்ம ஓட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் இருந்துச்சு?

தோட்டப்பாளையம்_ரூம்ஸ்

இன்னா சார் எல்லாரும் அமெரிக்காவையே பேசிக்கினு கீறீங்க. எங்க கதை கேக்க ஆள் இல்லியா?

2024 ஆகஸ்ட் 5 (இந்தத் தேதிக்கு இன்னா ராசியோ) பங்களாதேஷ் பிரதமர் ஹசீனா அம்மா பதவி போயி டாக்காவுல ஹெலிகாப்டர் ஏறிச்சு. அதோட எங்க ரூம் காலி. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வர்ற பங்களாதேஷ் பேஷண்ட்ட நம்பி பாபு ராவ் தெருவுல இருந்து தோட்டப்பாளையம் வரைக்கும் எத்தினி லாட்ஜு, எத்தினி மெஸ்ஸு, பணம் மாத்தற கடை, சிம் கார்டு கடை. போர்டு எல்லாம் வங்காள எழுத்துல. நம்ம ஊரு பசங்க கடுகெண்ணெய்ல மீன் கொழம்பு வெக்கக் கத்துக்கினானுங்க. இப்ப மெடிக்கல் விசா மட்டும் கொடுக்கறாங்களாம், அதுவும் பழைய மாதிரி இல்ல. கல்கத்தா, ஜார்க்கண்ட், திரிபுரா ஆளுங்க வர்றதால பொழப்பு ஓடுது.

இதுல 2025 மார்ச்சுல சைனாக்காரன் அவங்க ஊரு குன்மிங் ஆஸ்பத்திரிக்கு மொத பேட்ச் பங்களாதேஷ் பேஷண்ட்ட கூட்டிக்கினு பூட்டான். நாம கதவை மூடினோம், அவன் தொறந்துட்டான்.

ஃபேஸ்புக்குல ஒருத்தன், பங்களாதேஷ்காரனுக்கு ரூம் குடுக்கறவன் தேசத்துரோகின்னு எழுதறான். பத்து வருஷமா எங்கிட்ட வந்து தங்கற கிட்னி பேஷண்ட்டு, அவன் யாருக்கு இன்னா துரோகம் பண்ணான்?

சத்துவாச்சாரி_சரித்திரம்

நண்பர்களே, நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பழக்கம் விடாது.

ஹவில்தார் ஐயா சொன்ன கிராம சபையில் இருந்தே தொடங்குகிறேன். 2003 மார்ச் 1ஆம் தேதி துருக்கி நாடாளுமன்றம் ஏறக்குறைய கிராம சபை போலத்தான் நடந்துகொண்டது. ஈராக்கை வடக்கிலிருந்து தாக்க அமெரிக்கா துருக்கி மண்ணைக் கேட்டது, கைம்மாறாகப் பல நூறு கோடி டாலர் உதவி. அப்போது ஆட்சியில் இருந்ததும் இன்றைய துருக்கி அதிபர் எர்டோகனின் கட்சிதான், அவையில் அறுதிப் பெரும்பான்மை. அரசே தீர்மானம் கொண்டுவந்தது. ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. ஆதரவுதான் அதிகம். ஆனால் அவையில் இருந்தவர்களில் பாதிக்கு மேல், அதாவது 267 வேண்டும். மூன்று ஓட்டில் போயிற்று. தெருவில் மக்கள் போர் வேண்டாம் என்று நின்றார்கள், ஆளுங்கட்சி உறுப்பினர்களிலேயே பலர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். அமெரிக்கா கோபப்பட்டது. ஆனால் ஈராக் சேற்றில் துருக்கி கால் வைக்காமல் தப்பித்தது அந்த மூன்று ஓட்டால்தான். வல்லரசுக்கு "முடியாது" என்று சொல்ல மேலே ஒரு பலசாலி உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிறோம். அன்று சொன்னது சாதாரண எம்.பி.க்கள்.

இப்போதைய பிரேசிலைப் பாருங்கள். நமக்குப் போலவே அவர்களுக்கும் 50 சதவீதம். காரணம் எண்ணெய் அல்ல, முன்னாள் அதிபர் பொல்சனாரோ மீதான ஆட்சிக் கவிழ்ப்பு வழக்கை நிறுத்து என்பது. நிறுத்தவில்லை. 2025 செப்டம்பர் 11ஆம் தேதி அவர்களுடைய உச்ச நீதிமன்றம் 27 ஆண்டு 3 மாதம் சிறை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதிபர் லூலா கையில் ஒரு பதில் இருந்தது: நீதிமன்றம் என் கட்டுப்பாட்டில் இல்லை. ஒரு கட்சி ஆட்சியில் அந்தப் பதிலைச் சொல்ல முடியுமா? வியட்நாம் தலைவர் இரண்டு நாளில் இறங்கிவந்தார் என்று காட்பாடி தம்பி பாராட்டுகிறார். இறங்கிவராமல் இருக்க அவரிடம் சாக்கே கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

காட்பாடி_ஜங்ஷன்

சார், துருக்கியை 2003லயே நிறுத்திட்டீங்களே. அதே எர்டோகன் 2017ல 51 சதவீத ஓட்டுல வாக்கெடுப்பு நடத்தி மொத்த அதிகாரத்தையும் கையில எடுத்துக்கிட்டார். 2025 மார்ச்ல தனக்குப் போட்டியா நிக்கக்கூடிய இஸ்தான்புல் மேயரையே உள்ள தள்ளிட்டார். ஐரோப்பா என்ன பண்ணுச்சு? டிரோன் வேணும், அகதிங்களைத் தடுத்து வைக்கணும், ரஷ்யாகூடப் பேச ஆள் வேணும், அதனால வாயை மூடிக்கிச்சு. ஸ்வீடனை நேட்டோ ராணுவக் கூட்டணியில சேர்க்க ஒன்றரை வருஷத்துக்கு மேல இழுத்தடிச்சு, கேட்டதை வாங்கிக்கிட்டு, 2024 ஜனவரியிலதான் ஒப்புதல் கொடுத்தார். ஜனநாயகம் குறையக் குறைய மரியாதை கூடுது. இதுக்கு என்ன சொல்றீங்க?

சத்துவாச்சாரி_சரித்திரம்

மரியாதை எர்டோகனுக்குக் கூடியது. 2022 அக்டோபரில் துருக்கியில் விலைவாசி ஒரே ஆண்டில் 85 சதவீதம் ஏறியிருந்தது. வட்டியை உயர்த்தக் கூடாது என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தார், மத்திய வங்கித் தலைவர்களை ஒருவர் பின் ஒருவராக மாற்றினார். அங்காராவில் காய்கறி வாங்கப் போனவருக்கு ஸ்வீடன் விவகாரத்தில் எவ்வளவு மரியாதை கிடைத்திருக்கும்?

கம்மவான்பேட்டை_ஹவில்தார்

வாத்தியாரே, நம்ம நாட்டுக் கதையை விட்டுட்டு வெளிநாட்டுக் கதை பேசறீங்க. நான் சொல்றேன். 1959 செப்டம்பர்ல நேரு, சீனாவுக்கு எழுதின கடிதத்தையெல்லாம் வெள்ளை அறிக்கையா பார்லிமென்ட்ல வெச்சார். நல்ல மனுஷன், ஜனநாயகவாதி. என்ன ஆச்சு? எதிர்க்கட்சி கத்துச்சு, பேப்பர்காரன் கத்துனான். 1960 ஏப்ரல்ல சூ என்லாய் டெல்லிக்கே வந்து ஒரு வாரம் உட்கார்ந்து பேசினார். நேருவால ஒரு இஞ்ச் இப்படி அப்படி பேச முடியல. பேசியிருந்தா நாட்டை வித்துட்டார்னு சொல்லியிருப்பாங்க. அப்புறம் 62ல செருப்பும் ஸ்வெட்டரும் இல்லாம மலைமேல அனுப்பப்பட்டது யாரு? நம்ம ஆளுங்க. ஜனங்களைக் கேட்டு நடந்த வெளியுறவுக்கு அதுதான் பலன்.

சத்துவாச்சாரி_சரித்திரம்

இந்த விவாதத்தில் கனமான வாதம் இதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

அக்சாய் சின் வழியாகச் சீனா போட்ட சாலை 1957இல் முடிந்துவிட்டது. 1958 அக்டோபரில் நம் அரசு சீனாவுக்கு எதிர்ப்புக் குறிப்பு அனுப்பியது. நாடாளுமன்றத்துக்குச் சொன்னது எப்போது? 1959 ஆகஸ்டில். அந்த இரண்டு ஆண்டும் "இந்தியரும் சீனரும் சகோதரர்" என்று நாடு முழுக்கக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தோம். நானும் பள்ளிக்கூட வாசலில் கொடி பிடித்து நின்ற சிறுவன்தான். அப்படி மறைத்து வைத்ததை மொத்தமாகக் கொட்டினால் கூச்சல் வராமல் என்ன வரும்? 1957லேயே, சூடு ஏறுவதற்கு முன்பே, எல்லைப் பகுதியில் நமக்கு எது உறுதி, எது சந்தேகம் என்று அவையில் பேசியிருந்தால் 1960இல் நேருவுக்குப் பேச இடம் இருந்திருக்கும். வெளியே சொன்னதைக் குற்றம் சொல்கிறீர்கள். நான் காலம் கடந்து சொன்னதைத்தான் குற்றம் சொல்வேன்.

செருப்பும் ஸ்வெட்டரும் இல்லாமல் போன விஷயம் எப்படி வெளியே வந்தது? 1962 நவம்பரில் போர் நடந்துகொண்டிருக்கும்போதே நாடாளுமன்றம் கூடியது. எல்லைக்கோட்டில் துப்பாக்கிச் சத்தம், டெல்லியில் பிரதமரை நிற்க வைத்துக் கேள்வி. பாதுகாப்பு அமைச்சராக இருந்த கிருஷ்ண மேனன் பதவி போனது. விலைவாசி மறியலுக்காக நம்ம வேலூர் ஜெயிலில் இருந்துவிட்டு வெளியே வந்த அண்ணா, திராவிட நாடு கோரிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டு நேருவுக்குத் தோள் கொடுத்தார். யாரும் அவரை மிரட்டிக் கோஷம் போட வைக்கவில்லை.

கேட்காமல் அனுப்பியதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. லாங் பஜார் மணிக்கூண்டில் உள்ள கல்வெட்டைப் படித்திருப்பீர்கள். வேலூரிலிருந்து முதல் உலகப் போருக்குப் போனவர்கள் 277 பேர், உயிர் விட்டவர்கள் 14 பேர். அவர்களையும் யாரும் கேட்கவில்லை. 1987 ஜூலை 29இல் கொழும்பில் கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைப் பற்றி நம் அவையில் முன்கூட்டி என்ன விவாதம் நடந்தது? மறுநாளே அமைதிப்படை யாழ்ப்பாணத்தில். மூன்று ஆண்டுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் வீரர்கள் உயிர் விட்டார்கள்.

கம்மவான்பேட்டை_ஹவில்தார்

அமைதிப்படையைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதீங்க வாத்தியாரே. எங்க சித்தப்பா அதுல போனவர். 1990 மார்ச்சுல கடைசிக் கப்பல் மெட்ராஸ் வந்தப்போ முதலமைச்சர் வரவேற்கப் போகல. ஓட்டு போயிடும்னு. யாழ்ப்பாணத்துல கூட இருந்தவங்க செத்ததைவிட அதுதான் சித்தப்பாவுக்கு வலி, இன்னிக்கும் பேச்சு வந்தா எழுந்து வெளிய போயிடுவார். அனுப்பினதும் அரசியல், வரவேற்காததும் அரசியல். நீங்க சொல்ற ஜனநாயகம்தான் ரெண்டையும் பண்ணுச்சு.

மேல்மொணவூர்_90

நான் பெரும்பாலும் படித்துவிட்டுப் போவேன், எழுதுவதில்லை. பெயரில் உள்ள 90 நான் பிறந்த வருடம். பிறந்தது தமிழ்நாட்டில், முகாமில். அம்மா அப்பா திருகோணமலை.

எல்லாரும் உங்களைக் கேட்டார்களா, கேட்கவில்லையா என்று சண்டை போடுகிறீர்கள். 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் குடியுரிமை. எனக்கு இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருந்தது, இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர் மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்று தண்டனை நடவடிக்கை கிடையாது. நல்லது. ஜெயிலில் போட மாட்டோம் என்றார்கள். நீ யார் என்று சொல்லவில்லை.

2013இல் நம் விஷயத்துக்காக திமுக டெல்லி ஆட்சியில் இருந்து விலகியது, மன்மோகன் சிங் கொழும்பு காமன்வெல்த் மாநாட்டுக்குப் போகவில்லை. அன்று முகாமில் பட்டாசு வெடித்தோம். 2014இல் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை அவையில் இலங்கை மீது வந்த தீர்மானத்தில் இந்தியா ஓட்டே போடாமல் ஒதுங்கிவிட்டது. இரண்டும் எங்கள் பெயரில்தான் நடந்தது, ஆனால் இரண்டிலும் எங்களுக்கு ஓட்டு இல்லை. காட்பாடி சொல்வதுதான் எனக்கு உறைக்கிறது: ஓட்டு எண்ணிக்கையில் வராதவன் கணக்கிலேயே வரமாட்டான்.

ஆம்பூர்_அப்பர்

மொணவூர் தம்பி, உங்களுக்குப் பதில் சொல்ற அருகதை எனக்கு இல்ல. மத்தவங்களுக்குச் சொல்றேன்.

காட்பாடி, நீங்க சொன்ன பால்-ஷூ கணக்கு எனக்குக் கோபம் வரவெச்சது, ஆனா பொய் இல்ல. பால்காரரைக் காப்பாத்தினது தப்பும் இல்ல, எங்க வீட்டுலயும் ரெண்டு மாடு கட்டியிருக்கு. ஆனா பால்காரர் சார்பா பேச மாநாட்டுல பிரதமர் இருந்தார். எங்க சார்பா யாரு இருந்தா?

ஒரு விஷயம் எங்க பையர் அனுப்பின மெயில்லருந்தே தெரிஞ்சுது. இந்த மாதிரி வரிங்களை எதிர்த்து அமெரிக்காவுல கேஸ் போட்டிருக்கறவங்கள்ல ஒருத்தர் நியூயார்க்ல ஒயின் இறக்குமதி செய்யற சின்ன கம்பெனி. வரி போடற அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத்தான், 1977ஆம் வருஷத்து அவசரகாலச் சட்டத்தைக் காட்டி அதிபர் போட முடியாதுன்னு வாதம். கீழ்க் கோர்ட்டுல மே மாசம் ஜெயிச்சாங்க, ஆகஸ்ட் 29ல அப்பீல் கோர்ட்டுலயும் ஜெயிச்சாங்க, 2025 செப்டம்பர்ல கேஸ் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. ஒயின் விக்கறவன் தன் நாட்டு அதிபரோட வெளிநாட்டுக் கொள்கையையே கோர்ட்டுக்கு இழுக்கறான். அவனை அங்க தேசத்துரோகின்னு சொல்லல. நாங்க சும்மா "எங்க பாட்டைப் பேசினீங்களா"ன்னு கேட்டதுக்கே போன வாரம் வேற ஒரு குரூப்புல, பாய் ஆளுங்க அப்படித்தான் பேசுவாங்கன்னு ஒருத்தன் எழுதறான். வரி தோலுக்குப் போட்டாங்க, மதத்துக்குப் போடல.

இந்த சவுண்டு தேசபக்தி எனக்கு இன்னும் பிடிபடல. 2020 ஜூன்ல கல்வான்ல 20 பேர் செத்தாங்க. உடனே டிக்டாக்கைத் தடை பண்ணி, சீன பொம்மையை ரோட்டுல போட்டு உடைச்சாங்க. எங்க கம்பெனிக்கு வர்ற பக்கிள், ஐலெட், சோல் மோல்டு எல்லாம் அப்பவும் சீனா, இப்பவும் சீனா. 2024-25ல சீனாவோட நம்ம வர்த்தகப் பற்றாக்குறை 99 பில்லியன் டாலர். 2025 ஆகஸ்ட் 31ல ஏழு வருஷம் கழிச்சுப் பிரதமர் சீனாவுக்கே போய் கை குலுக்கினார். போனது நல்லதுதான். மாலத்தீவுக்கும் அதே கதை. 2024 ஜனவரியில புறக்கணிப்போம்னு ஊரெல்லாம் கத்தல், 2025 ஜூலையில அவங்க சுதந்திர தினத்துக்கு நம்ம பிரதமர்தான் சிறப்பு விருந்தினர். அரசாங்கம் நிதானமா கணக்குப் போட்டு நடக்குது. கத்தினவன் மட்டும் இன்னும் கத்திக்கிட்டே இருக்கான், அடி லாட்ஜ்காரருக்கும் எனக்கும்.

கம்மவான்பேட்டை_ஹவில்தார்

பாய்னு சொன்னவன் நம்ம ஊர்க்காரனா இருக்க மாட்டான். இருந்தா பேரைச் சொல்லுங்க, நான் பேசிக்கறேன். பட்டாளத்துல எங்க படுக்கைக்குப் பக்கத்துப் படுக்கை யாருன்னு நாங்க பாத்ததில்ல.

ஆனா கோர்ட்டு, பார்லிமென்ட்னு இழுக்கற சமாச்சாரத்துக்கு நான் ஒத்துக்க மாட்டேன். பேச்சுவார்த்தை நடக்கறப்போ நம்ம எதுவரைக்கும் இறங்குவோம்னு பார்லிமென்ட்ல சொன்னா, அமெரிக்காகாரன் டீ குடிச்சிக்கிட்டே டிவியில பாப்பான்.

சத்துவாச்சாரி_சரித்திரம்

எதுவரை இறங்குவோம் என்று யாரும் சொல்லச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்ட பிறகாவது? 2025 ஜூலை 24இல் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. நம்ம ஆம்பூர் ஷூவுக்கு அங்கே வரி இல்லாமல் போகும், நடைமுறைக்கு வரட்டும். அந்த ஒப்பந்தத்தை பிரிட்டன் அரசு தன் நாடாளுமன்றத்தில் 21 அமர்வு நாள் வைத்தாக வேண்டும், 2010ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. இங்கே அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. அரசு கையெழுத்திட்டால் முடிந்தது. இரு நாடும் சேர்ந்து போட்ட ஒரே ஒப்பந்தத்தை லண்டன் எம்.பி. கேள்வி கேட்கலாம், வேலூர் எம்.பி. பத்திரிகையில் படித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. வங்கதேசத்தோடு எல்லை உடன்படிக்கை 1974. அதே 1974இல் கச்சத்தீவு உடன்படிக்கையும் ஆனது. முதலாவதற்கு அரசியல் சட்டத் திருத்தம் வேண்டியிருந்தது. 2015இல் நூறாவது திருத்தமாக இரு அவையிலும் ஒருமனதாக நிறைவேறியது. அவர்கள் நாட்டுக்குள் சிக்கியிருந்த நம்முடைய 111, நம் நாட்டுக்குள் சிக்கியிருந்த அவர்களுடைய 51 திட்டுக் கிராமங்கள் கைமாறின. இன்று அதைப் பற்றி யாராவது சண்டை போடுகிறார்களா? கச்சத்தீவுக்குத் திருத்தமும் இல்லை, ஓட்டெடுப்பும் இல்லை, சட்டென்று முடிந்தது. ஐம்பது ஆண்டாகத் தேர்தலுக்குத் தேர்தல் அதை எழுப்பிக்கொண்டே இருக்கிறோம்.

காட்பாடி_ஜங்ஷன்

41 வருஷம் சார்! அந்த 41 வருஷமும் திட்டுக் கிராமத்துல இருந்தவனுக்கு ரேஷன் கார்டு இல்ல, ஸ்கூல் இல்ல, கரென்ட் இல்ல. அவன்கிட்ட போய் ஒருமனதா நிறைவேறுச்சுன்னு சொல்லுங்க, என்ன சொல்றான்னு பாக்கலாம்.

தோட்டப்பாளையம்_ரூம்ஸ்

அது கரெக்டு. எங்க ரூம்ல தங்கின கூச்பிகார் ஆள் ஒருத்தன் அந்தக் கதைய அழுதுக்கினே சொல்லிக் கீறான்.

காட்பாடி_ஜங்ஷன்

ஹவில்தார் அண்ணாவுக்கு ஒரே ஒரு கேள்வி. ரஷ்யா எண்ணெய் உக்ரைன் போருக்கு முன்னாடி நம்ம எண்ணெய் இறக்குமதியில 2 சதவீதம்கூட இல்ல. 2025ல மூணுல ஒரு பங்கு. டிஸ்கவுன்ட்ல வாங்கினோம்ன்றாங்க. வேலூர் பங்க்ல பெட்ரோல் நூறு ரூபாய்க்கு மேலதான் நிக்குது. 2024 மார்ச்ல ரெண்டு ரூபாய் குறைச்சதோட சரி. எண்ணெயில மிச்சம் பிடிச்சவன் ஒருத்தன், அதுக்கு வரி கட்டறவன் ஆம்பூர்ல. ரெண்டு பேரும் ஒரே தேசம்தானே? அந்த மிச்சத்துல ஒரு பங்கு ஏன் இந்தப் பக்கம் வரல?

கம்மவான்பேட்டை_ஹவில்தார்

நியாயமான கேள்வி. எல்லையில காயம்பட்டவனுக்கு பென்ஷன் குடுக்கறாங்க இல்ல, வரியில அடிபட்டவனுக்கும் குடுக்கணும். வேலை போன பொண்ணுக்கு மாசம் பாதிக் கூலி, கம்பெனிக்கு வட்டி தள்ளுபடி, கொடுக்கட்டும். அதுக்காக எண்ணெயை நிறுத்துன்னு சொன்னா வேற பேச்சு.

ஆம்பூர்_அப்பர்

அப்ப சரி. குளிர்காலக் கூட்டத்தொடருக்கு முன்னாடி வேலூர் எம்.பி.க்கும் அரக்கோணம் எம்.பி.க்கும் ஒரு மனு எழுதறோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை நாலு ஊர் தொழிலாளிங்களும் சேர்ந்து. ரெண்டே கோரிக்கை. ஒண்ணு, எந்த வர்த்தக ஒப்பந்தம் வந்தாலும் தோல் தொழிலுக்கு என்ன ஆகும்னு நாடாளுமன்றத்தோட வர்த்தகத் துறை நிலைக்குழுவுல அறிக்கை வைக்கணும். ரெண்டு, காட்பாடி கேட்ட அந்த எண்ணெய்க் கேள்விக்கு எழுத்துல பதில் வேணும். யார் யார் கையெழுத்துப் போடறீங்க?

கம்மவான்பேட்டை_ஹவில்தார்

ரஷ்யா எண்ணெயை நிறுத்தச் சொல்லி எங்கயாவது ஒரு வரி இருந்தா போட மாட்டேன். அந்த நிலைக்குழு சமாச்சாரமும் கையெழுத்துக்கு அப்புறம் வைக்கறதா, முன்னாடி வைக்கறதான்னு தெளிவா எழுதுங்க. முன்னாடின்னா நான் இல்ல. அனுப்பி வைங்க, படிச்சுட்டுச் சொல்றேன்.